உலகம்மாளின் சூட்டுக் கணக்கு

அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதீர்கள், அண்ணாச்சி. எண் மாறாது. நானும் முதல் நாள் ஜன்னல் பக்கம் போய் அப்படித்தான் பிடித்துப் பார்த்தேன். மாறவில்லை. உட்காருங்கள். இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் ஆடாது.

நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அரை மணி நேரம். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரே ஆள். அதுவரை உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் நான் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் பேசுகிற ஆள் இல்லை. என்னைத் தெரிந்தவர்களிடம் போய், ஆவுடையப்பன் ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் வலியப் பேசினான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உள்ளே யார், அம்மாவா? மூளையில் ரத்தக்கசிவா? அதேதான். என் வீட்டுக்காரிக்கும் அதேதான். உலகம்மாள் என்று பெயர். ஜன்னலுக்கு அடுத்த கட்டில். கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டே வந்தவள், “தலைக்குள்ள என்னமோ பண்ணுது” என்றாள். நான் “ம்” என்றேன். நான் எதற்கும் “ம்” என்றுதான் சொல்வேன். நாற்பது வருடமாக அவள் பேசுவாள், நான் ம் கொட்டுவேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடியது. அன்றைக்கு நான் ம் கொட்டி முடிப்பதற்குள் துணியோடு சரிந்துவிட்டாள்.

கதவு திறந்ததா? இல்லை, ஸ்ட்ரெச்சர்.

எனக்குக் கல்யாண வீடுகளில் இலைக் கணக்கு வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், சமையல் காண்டிராக்ட் எல்லாம் இத்தனை இலை என்றுதான் பேசுவார்கள். ஒவ்வொரு பந்திக்கும் எத்தனை இலை விழுந்தது, எது கிழிந்து மாற்றிப் போட்டது, எது ஆள் வராமல் மடித்தது என்று ஒருவன் நின்று எண்ண வேண்டும். அந்த ஒருவன் நான். பந்தி நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. “சாப்பிட்டீங்களா?” என்று ஒருவர் கேட்டு, பதில் சொன்னால் போச்சு. எண்ணிக்கைக்குப் பேச்சு ஆகாது. அதனாலேயே நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன் என்று சொல்வேன். பேச வராததால்தான் அந்த வேலைக்கே போனேன் என்று உலகம்மாள் சொல்வாள். அது கிடக்கட்டும்.

இங்கே வந்த மறுநாள் காலையில் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. மெர்லின் என்று பெயர். மேல்படிப்புப் படிக்கிறாராம், அதற்கு ஓர் ஆராய்ச்சி. தலையில் ரத்தம் கசிந்து வருகிறவர்கள் நூறு பேருடைய ரத்தத்தைப் பார்க்கிறாராம்.

“காலைல எப்படியும் ரத்தம் எடுப்பாங்க ஐயா. அதுலேயே ரெண்டு கணக்குக் கூடப் பார்ப்பேன். உங்களுக்குச் சம்மதமா?” என்றார்.

கணக்கு என்றதும் நான் நிமிர்ந்தேன்.

“சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு. உடம்புக்குள்ள அழற்சி எவ்வளவுன்னு அது காட்டும். தலையில ரத்தம் கசிஞ்சா உடம்பு முழுக்க அது தெரியும். ஒரு சூடு மாதிரின்னு வச்சுக்கோங்களேன். இன்னொண்ணு வெள்ளை அணு. அதுல அடிதடிக்கு முதல்ல ஓடுற வகை ஒண்ணு, நிதானமா வர்ற வகை ஒண்ணு. முதல் வகையை ரெண்டாவது வகையால வகுப்போம்.”

“கூடினா என்னம்மா?”

“பொதுவா, ஆரம்பத்துல கூடுதலா இருக்கிறவங்க தேற நாளாகுது. பொதுவாத்தான் சொல்றேன். உங்க வீட்டம்மா எப்படின்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. பொதுவா நூறு பேர்ல எப்படின்னுதான் சொல்ல முடியும்.”

இந்தப் “பொதுவா” என்ற சொல் அந்த அம்மாவுக்கு வாய்ப்பழக்கம் போல. பேச்சுக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. நான் அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேட்டுக்கொண்டேன்.

“மூணு மாசம் கழிச்சுப் போன் பண்ணுவேன் ஐயா. அம்மா நடக்கிறாங்களா, தானே சாப்பிடுறாங்களான்னு கேட்டு, பூஜ்யத்துல இருந்து ஆறு வரைக்கும் ஒரு எண் போடுவோம். பூஜ்யம்னா பழையபடி ஆயிட்டாங்கன்னு அர்த்தம்.”

“ஆறுன்னா?”

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினார். “இங்க ஒரு கையெழுத்து, ஐயா” என்றார். போட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது, அண்ணாச்சி. காலையில் கண் விழித்தால் எண். முதலில் பதினெட்டு. மறுநாள் ஐம்பத்திரண்டு. அதற்கும் மறுநாள் எண்பத்தெட்டு. நல்ல உடம்பில் ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். எண்பத்தெட்டு! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வராந்தாவில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தேன். வாட்ச்மேன் வந்து, “பெரியவரே, தரை தேஞ்சுரும்” என்றார்.

சூடு என்றால் தணிக்க வழி இல்லையா? நாம் கேள்விப்படாததா? இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். சிஸ்டர், “ட்யூப்ல நாங்க கொடுக்கிறதைத் தவிர ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது, எடுத்துட்டுப் போங்க” என்று விரட்டினார். சரி, உள்ளேதானே போகக் கூடாது. மறுநாள் சட்டைப் பையில் சின்னக் குப்பியில் விளக்கெண்ணெய் கொண்டுபோனேன். உள்ளங்காலில் ஒரு தேய்ப்பு, தொப்புளில் ஒரு சொட்டு. சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஐயோ, இது யாரு பார்த்த வேலை?” என்று கத்தினார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை எண் எழுபது.

நீங்களே சொல்லுங்கள். எண்பத்தெட்டு எழுபதாக இறங்கியிருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொன்னால், “அது தானா இறங்குற நேரம் ஐயா” என்று சிரிக்கிறார். தானா இறங்குமாம்.

இனிமேல்தான் என் மச்சினன் விஷயம் வருகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

உலகம்மாளுக்கு ஒரே தம்பி, குற்றாலிங்கம். குத்தாலம் என்று கூப்பிடுவோம். மைக் செட் வைத்திருக்கிறான். கோயில் கொடை, சடங்கு வீடு, கட்சிக் கூட்டம் என்று எங்கே சத்தம் கேட்டாலும் அவன்தான். மைக் இல்லாவிட்டாலும் அவனுக்குச் சத்தம் ஒன்றுதான். இங்கே வந்த நாளிலிருந்து என்னிடம், “அத்தான், இன்னைக்கு ஸ்கோர் என்ன?” என்று கேட்பான். கிரிக்கெட்டாம். டாக்டரம்மா சொன்ன அணுவை நினைத்துக்கொள்வேன். அடிதடிக்கு முதலில் ஓடுகிற வகை இவன். நிதானமாக வருகிற வகை நான். அது கூடி இது குறைந்தால்தான் ஆபத்து.

எண் எழுபதுக்கு வந்த அன்று, “ஒரே ஒரு நாள் நான் போய் எக்காவைப் பார்த்துட்டு வாரேன் அத்தான்” என்று கெஞ்சினான். நல்ல எண் வந்த சந்தோஷத்தில் பாஸைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அங்கே வரைக்கும் கேட்டது, அண்ணாச்சி.

“ஏ எக்கா! ஒனக்கு விசயம் தெரியுமா? நீ விழுறதுக்கு முந்தின நாள் நம்ம சங்கரபாண்டி மகன் கல்யாணத்துல சாம்பார் பத்தலையாம்! சம்பந்தி வீட்டுக்காரன் பந்தியில எந்திரிச்சு நின்னுட்டான்! இந்த மனுசன் இலையை எண்ணிக்கிட்டு நிக்காரு, ஒரு வார்த்தை பேசல! நீ இருந்திருந்தா அவனை உக்கார வச்சிருப்பே, எக்கா!”

இதையெல்லாமா சொல்வது? சுற்றிலும் ஆறு கட்டில். பக்கத்துக் கட்டில்காரருடைய மகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிக்கிறாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

வெளியே வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அத்தான், விரலை ஆட்டினா! சாம்பார்னதும் வலது கை விரலை ஆட்டினா! சிஸ்டரும் பார்த்தாங்க” என்று அழுதான், சிரித்தான். அந்தச் சிரித்த பெண்ணும், “ஆமா தாத்தா, அசைஞ்சது” என்றாள். நான் பார்க்கவில்லை. நான் கண்ணாடி வழியாக மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்ஸ் எகிறியிருந்தது.

மறுநாள் காலை எண் என்ன தெரியுமா? நூற்று நாற்பத்து மூன்று. உடம்பும் அனலாகக் கொதித்தது.

டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி அங்கே கிருமி சேர்ந்துவிட்டது, நினைவில்லாமல் படுத்திருப்பவர்களுக்கு இப்படி வருவது உண்டு என்றார்கள். வேறு மருந்து ஏற்றினார்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் அன்றைக்குப் பார்த்து வந்தது? முந்தின நாள் வரவில்லையே? அவன் போனான், ஏறியது. இதை எண்ணத் தெரிந்தவனிடம் போய் இல்லை என்று சொன்னால் எப்படி?

அன்றே முடிவு செய்தேன். பாஸை உள்பையில் வைத்துக்கொண்டேன். குத்தாலத்திடம், “டாக்டரம்மா ஒருத்தரைத் தவிர யாரையும் விடக் கூடாதுன்னுட்டாங்க” என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருப்பான். நான் அரை மணி நேரம் உள்ளே நின்றுவிட்டு இறங்கி வருவேன். “எப்படி இருக்கா?” என்பான். நான் எண்ணைச் சொல்வேன்.

நூற்றுப் பதினெட்டு. எண்பத்தொன்பது. ஐம்பத்தாறு. முப்பது. பார்த்தீர்களா? அவன் போகவில்லை, இறங்கியது. சொல்லிவைத்த மாதிரி இறங்கியது.

உள்ளே நான் என்ன செய்வேனா? நிற்பேன். எண்ணெய்க் குப்பியை சிஸ்டர் பிடுங்கிக்கொண்டார். அதனால் சும்மா நிற்பேன். மானிட்டரில் பச்சையில் ஓர் எண், நீலத்தில் ஓர் எண். அவற்றைப் பார்ப்பேன்.

“என்ன ஐயா, கம்பம் மாதிரி நிக்கீங்க? பேசுங்க. அம்மா கண்ணைத் திறக்கணும்ல?” என்பார் சிஸ்டர். அவர் தினமும் காலையில் குனிந்து, “உலகம்மா, கண்ணைத் திறங்க, இங்க பாருங்க” என்று கூப்பிட்டுப் பார்ப்பார். திறக்க மாட்டாள். திறந்தால்தான் அடுத்த வார்டுக்கு மாற்றுவார்களாம்.

“என்ன பேசட்டும்?” என்று கேட்டேன்.

“வீட்ல என்ன பேசுவீங்க?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அவள் பேசினால்தானே நான் ம் கொட்ட முடியும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரமாகக் குனிந்தேன். வாயையும் திறந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். பாவம், அவருக்கு நினைவே கிடையாது, சும்மாதான் உருண்டது. ஆனாலும் நிமிர்ந்துவிட்டேன். பேசினால் ஏறுமோ என்ற பயம் வேறு. ஏறாமல் வைத்திருந்தேன், அண்ணாச்சி. அதுவும் ஒரு வேலைதானே.

மணி என்ன? இன்னும் கொஞ்சம் இருக்கிறதா? சரி.

இன்று மத்தியானம் டாக்டரம்மா இதோ இந்த வாசலில் வைத்து என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். நாலு. ஐந்துக்கும் கீழே. வெள்ளை அணுக் கணக்கும் சரியாகிவிட்டதாம்.

“நார்மல் ஆயிருச்சு ஐயா. இனி இந்த ரத்தம் எடுக்க மாட்டேன். என் ஆராய்ச்சிக்கு இவ்வளவுதான்” என்றார்.

“நாளைக்கு?”

“நாளைக்கு எடுக்க மாட்டோம்.”

“ஒரே ஒரு நாள், தாயி. ஏறலைன்னு பார்த்துக்கிடலாம்ல.”

“எதுக்கு ஐயா? நான் அன்னைக்கே சொன்னேனே. இது தெர்மாமீட்டர் மாதிரி. தெர்மாமீட்டரை ஐஸ்ல வச்சா காய்ச்சல் போயிருமா? எண் இறங்கினது சந்தோஷம். ஆனா அம்மா கூப்பிட்டா இன்னும் கண் திறக்கலையே, எனக்கு அதுதான் கவலை. ஆமா, அம்மாவோட தம்பி ஏன் வர்றதே இல்ல? அன்னைக்கு அவர் பேசினப்போ விரல் அசைஞ்சதுன்னு சிஸ்டர் எழுதி வச்சிருக்காங்க. தெரிஞ்ச குரல் தினமும் கேட்கணும் ஐயா. அவரை ஏன் கூட்டிட்டு வரலை?”

நான் திரும்பினேன். குத்தாலம் தூக்குச்சட்டியோடு படியேறி வந்து பின்னால் நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

டாக்டரம்மா போனார். பிறகு சட்டியை இந்த நாற்காலியில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதில்தான் வைத்தான். அவன் கத்தினால் என்ன செய்வது, வராந்தாவில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நான் சுற்றிப் பார்த்தேன். அவன் கத்தவில்லை. மைக் செட்காரன் மெதுவாகப் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

“டாக்டரம்மா யாரையும் விடக் கூடாதுன்னாங்கன்னு சொன்னீங்களே அத்தான்.”

“அவ நல்லதுக்குத்தான் மாப்ள.”

“நான் என்ன கிருமியா அத்தான்?”

நான் தாளை நீட்டினேன். “பாரு. நாலு” என்றேன். நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து நாலு. இதை நான் ஒருவன் நின்று இறக்கியிருக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். எழுத்துக் கூட்டுகிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான். “நாலுக்கு வந்தவ ஏன் அத்தான் கண்ணைத் திறக்கல?” என்று கேட்டான்.

 

பாஸை எடுத்து நீட்டினேன். என்ன இருந்தாலும் அவளுடைய கூடப்பிறந்தவன். வாங்கிப் பார்த்துவிட்டு, என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டான்.

“நாளைக்கு நான் போறேன். இன்னைக்கு நீங்க போங்க. போய்ப் பேசணும். அரை மணி நேரமும் பேசணும். நாற்பது வருசமா அவ பேசினா, நீங்க ம் கொட்டினீங்க. இன்னைக்கு நீங்க பேசுங்க, அவ ம் கொட்டட்டும். நான் பேசினா அவ விரலைத்தான் ஆட்டுவா. நீங்க பேசினா எந்திரிச்சே உக்காந்திருவா, இந்த மனுசனுக்கு என்ன ஆச்சுன்னு!”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

“என்ன பேச மாப்ள? எனக்கு என்ன தெரியும்?”

“அவ படுத்ததுல இருந்து என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே இருப்பேன். உங்க வாய் அசையலைன்னா உள்ள வந்து பாஸைப் பிடுங்கிருவேன், ஆமா.”

அதனால்தான், அண்ணாச்சி. அரை மணி நேரம் நான் ஒருவரிடமும் சேர்ந்தாற்போலப் பேசியது கிடையாது. எனக்கு அது வருமா வராதா என்று தெரிய வேண்டாமா? உங்களைப் பார்த்தால் குறுக்கே பேசாத ஆளாகத் தெரிந்தது. நடந்ததை நடந்த மாதிரி முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கொடித் துணியில் ஆரம்பித்தேன். வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கோர்வையாக இருந்ததா? எங்கேயாவது தடுமாறினேனா? விளக்கெண்ணெயைச் சொன்னபோது உங்கள் உதடு கொஞ்சம் அசைந்தது, கவனித்தேன். அதை வைத்துக்கொள்கிறேன்.

மெதுவாகத்தான் சொல்வேன். அவனைப் போலக் கத்த மாட்டேன். சாம்பார் விஷயத்தை எடுக்க மாட்டேன். அவனால்தான் ஏறியது என்பதில் எனக்கு இன்னும் முக்கால்வாசி நிச்சயம்தான். நான் பேசியும் ஏறலாம். ஏறினாலும் இனித் தெரியப்போவதில்லை. நாளைக்கு எண் கிடையாது. நாளைக்குக் காலையில் கண் விழித்து நான் எதைப் பார்ப்பேன்?

வாட்ச்மேன் எழுந்துவிட்டார், பார்த்தீர்களா? பூட்டைத் தொடுகிறார்.

ஒரே ஒரு யோசனை கேட்கிறேன், சட்டென்று சொல்லுங்கள். தம்பியை உள்ளே விடாமல் வைத்திருந்தேனே, அதை மட்டும் அவளிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா? மற்றதெல்லாம் சொல்லலாம். ஆனால் அதை எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. டாக்டரம்மா, எண்ணெய், எண்ணெல்லாம் சேர்த்தாலும் பத்து நிமிஷம் தாங்காது. மிச்ச நேரத்துக்கு நான் எங்கே போவேன்? அவன் வேறு கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான்.

சொல்லத்தான் வேண்டும் போல.

சொன்னால் திட்டுவாள், அண்ணாச்சி. தம்பியைச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. ஆறு கட்டிலும் கேட்கிற மாதிரி திட்டுவாள். கட்டாயம் திட்டுவாள். திட்டாமல் இருக்கவே மாட்டாள்.

கதவைத் திறந்துவிட்டார். வருகிறேன்.